உங்களுக்குத் தெரியுமா? தாடிக்கொம்பு ஒன்றல்ல, இரண்டு!

தாடிக்கொம்பு. ஊர்ப்பெயரை எண்ணிப் பாருங்கள், 6 எழுத்து. கம்ப்யூட்டரில் சேமித்தால் 36 பைட். ஆனால் சில ஃபைல்களில் இதே பெயர் 39 பைட்! கூடுதலாக ஒரு புள்ளிகூட இல்லை!

அந்த 3 பைட் ஒளிந்திருக்கும் இடம் 'கொ'. அதன் குறியை ஒரே துண்டாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் பதியலாம். யூனிகோடு இரண்டையும் ஏற்கிறது. திரையில் பார்த்தால் அச்சு அசல் ஒன்றே!

நம் கண்தான் ஏமாறும். லினக்ஸ் டெர்மினலில் இருக்கும் 'டிஃப்' கட்டளை ஏமாறாது! இரண்டு ஊர்ப் பட்டியல்களைக் கொடுத்து, அருகருகே ஒப்பிடச் சொல்லுங்கள். இடப்பக்கம் தாடிக்கொம்பு. வலப்பக்கமும் தாடிக்கொம்பு. நடுவில் | என்று ஒரு கோடு. 'இந்த இரண்டு வரியும் வேறு வேறு' என்று அர்த்தம்!

எந்த இடத்தில் வேறு? 'சிஎம்பி' கட்டளையிடம் கேளுங்கள். ஊர்ப்பெயரில்தான் ஃபைலே தொடங்குகிறது என்றால் பட்டென்று பதில் வரும்: 24-வது பைட்!

பக்கத்துத் திண்டுக்கல்லுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கொடைக்கானலும் நிலக்கோட்டையும் மாட்டிக்கொள்ளும். பழனி தப்பித்துவிடும்!

இந்த டிஃப் பொடியன் அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மக்கில்ராய் எழுதியது. யூனிக்ஸின் 5-வது பதிப்போடு வெளிவந்த ஆண்டு 1974!

இரண்டு ஃபைலும் ஒன்றேயானால் சாதாரண டிஃப் வாயே திறக்காது. உள்ளுக்குள் 0 என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். வித்தியாசம் இருந்தால் 1. ஃபைலே கிடைக்காவிட்டால் 2!

அருகருகே காட்டச் சொன்னால், லினக்ஸில் இருக்கும் ஜிஎன்யூ டிஃப் தானாக எடுத்துக்கொள்ளும் அகலம் 130 கட்டங்கள். பழைய டெர்மினல் திரைகளின் அகலமோ வெறும் 80!

இன்று புரோகிராமர் உலகமே பயன்படுத்தும் 'கிட்' கருவி, வித்தியாசம் பார்க்க வழக்கமாக நம்புவது யூஜின் மையர்ஸ் 1986-ல் வெளியிட்ட வழிமுறையை. அதே மையர்ஸ்தான் பின்னாளில் செலேரா நிறுவனத்தில் மனித மரபணுத் தொடரைக் கோத்தவர்களில் முக்கியமானவர்!

இப்போது வாருங்கள், தாடிக்கொம்பின் பெருமைக்கு. சௌந்தரராஜப் பெருமாள் கோயில்! சிற்பங்களைப் பார்க்கக் கூட்டம் வரும். பெயரைப் பார்த்தீர்களா? 'சௌ'வின் குறியை ஒரே துண்டாகப் பதியலாம், இரண்டாகப் பிரித்தும் பதியலாம். பலர் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் அதுவும் அப்படியே தெரியும். ஆக 3 வழி. 'கோ'வுக்கு 2 வழி. கண்ணுக்கு ஒரே கோயில், டிஃப்புக்கு 6 வெவ்வேறு வரிகள்!

யூனிகோடு சீராக்கும் கருவி ஒன்றில் போட்டு எடுத்தால் அந்த 6 வரிகள் 2 ஆகச் சுருங்கிவிடும். அந்த 'ள' மட்டும் எதற்கும் மசியாது!