சேவற்கொண்டை மலையின் சறுக்குப் பந்தயம்



நம் சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடம் புக்கித் தீமா. உயரம் ஏறக்குறைய 163 மீட்டர். அப்படிப்பட்ட ஐந்து குன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து கீழ்வரை உறைபனியைப் பரப்பி, இரண்டு நிமிடத்திற்குள் சறுக்கி இறங்கச் சொன்னால் எப்படியிருக்கும்?

ஆஸ்திரியா நாட்டின் கிட்ஸ்பியூல் நகரில் நடப்பது இதுதான். அங்குள்ள மலையின் பெயர் ஹானன்காம். ஜெர்மன் மொழியில் அதற்குச் சேவலின் கொண்டை என்று பொருள். 1931இல் தொடங்கியது அந்தப் பந்தயம். ஸ்ட்ரைஃப் எனப்படும் தடத்தின் நீளம் 3,312 மீட்டர். இறக்கம் 860 மீட்டர். 1997இல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ரோபில் என்ற வீரர் இதை 1 நிமிடம் 51.58 விநாடியில் கடந்தார். சராசரி வேகம் மணிக்கு 107 கிலோமீட்டர்! நம் விரைவுச்சாலையில் காருக்கே 90தான் எல்லை.

எஞ்சின் இல்லாமல் இவ்வளவு வேகம் எப்படி வருகிறது? தோட்டத்துப் பள்ளியில் நாங்கள் பலகையைச் சாய்த்துக் கோலிக்குண்டை உருட்டிக் காட்டுவோம். சாய்வு கூடக்கூட வேகமும் கூடும். புவியீர்ப்பின் வேலை அது. எதிர்த்து நிற்பவை உராய்வும் காற்றும். உராய்வைக் குறைக்கச் சறுக்குப் பலகையின் அடியில் மெழுகு பூசுகிறார்கள்; காற்றை ஏமாற்ற உடலை முட்டைபோல் குறுக்கிக்கொள்கிறார்கள். வளைவுகளிலோ பலகையின் கூரிய விளிம்பைப் பனியில் அழுத்தித்தான் திரும்ப வேண்டும்.

புறப்பட்டதுமே வருவது 'எலிப்பொறி' என்ற செங்குத்துச் சரிவு. 100 மீட்டர் முன்னே சென்றால் 85 மீட்டர் கீழே இறங்கியிருப்போம். அங்கே வீரர்கள் அந்தரத்தில் பறந்து செல்கிறார்கள். மணிக்கு 130 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 36 மீட்டர். கண் மேட்டைக் கண்டு கால் மடங்குவதற்குள் மேடு பின்னே போய்விடும்!

2009இல் பயிற்சியின்போது கடைசித் தாவலில் விழுந்த டேனியல் அல்பிரெக்ட், மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்து பிழைத்தார். 2016இல் முன்னணி வீரர்கள் மூவர் ஒரே பகுதியில் விழுந்து காயமுற்றனர். 30 பேர் இறங்கியபின் பந்தயம் நிறுத்தப்பட்டது.

இந்தியாவின் சார்பில் முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக் சென்ற ஜெரமி புஜகோவ்ஸ்கி கலந்துகொண்டதும் இவ்வகைப் பந்தயத்தில்தான். 1964இல் இன்ஸ்புருக்கில் அவரால் தடத்தை முடிக்க இயலவில்லை. 1968இல் கிரெனோபிலில் மீண்டும் களமிறங்கினார்.

நேயர்களே, இறங்கத் துணிவு வேண்டும். நிலைமை கைமீறும்போது, ஆயிரமாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, 'போதும், நிறுத்துங்கள்' என்று சொல்லவும் துணிவு வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்ததே விளையாட்டு.