தொடக்க விலையின் இடைவெளி

மாணவர்களே, பங்குச் சந்தையில் முந்திய நாள் முடிந்த விலைக்கும் மறுநாள் தொடங்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டை ‘இடைவெளி’ என்பர். சந்தை உறங்கினும் செய்தி உறங்குவதில்லை, அதுவே காரணம். அவ்வேறுபாட்டை முந்திய விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் விழுக்காடு கிட்டும். அது குறித்த அளவை மிஞ்சும்போது வரைபடத்தில் அடையாளமிடுமாறு கணினிக்கு விதி எழுதலாம். நாமே வகுத்துக்கொள்ளும் குறிகாட்டி இதுவே.

‘இடைவெளி அன்றே நிரம்பும்’ என நம்பி வாங்குவோர் உளர். 2020 மார்ச் 20, வெள்ளியன்று 8,745 புள்ளிகளில் முடிந்த நிஃப்டி, திங்களன்று 7,946-இல் தொடங்கியது. இடைவெளி ஏறத்தாழ 9 விழுக்காடு. அது நிரம்பவில்லை, 7,610-இல் முடிந்தது.

குறிகாட்டி நடந்ததை அளக்கும், நடக்கப்போவதை உரைக்காது. ஆகவே, பழைய விலைகளில் விதியைச் சோதிக்காமலும், தாங்கக்கூடிய இழப்பை வரையறுக்காமலும் பெற்றோரின் சேமிப்பை அதில் இடாதீர்.