பழமே இல்லாமல் பழவாசனை!



போன வாரம் மத்தியானம் லேப் பக்கம் போனவங்க எல்லாம் "உள்ள யாரு பழம் திங்கிறது?"ன்னு எட்டிப் பார்த்தீங்க. பழம் ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பு அக்காக்கள் எஸ்டர் தயாரித்தார்கள். சோதனைக் குழாய் கழுவ டீச்சர் கூப்பிட்டதால் நானும் கூட நின்றேன்.

ஒரு கரிம அமிலமும் ஒரு ஆல்கஹாலும் சேர்ந்தால், தண்ணீர் பிரிந்து போய் எஸ்டர் கிடைக்கும். இந்தப் பெயரை 1848-இல் வைத்தவர் ஜெர்மனி வேதியியலாளர் லியோபோல்டு மெலின்.

குழாயில் 1 மி.லி. எத்தனால், 1 மி.லி. தூய அசிட்டிக் அமிலம், நாலைந்து சொட்டு அடர் கந்தக அமிலம். கந்தக அமிலத்தை டீச்சர் மட்டும்தான் தொட்டார். பிறகு குழாயை வெந்நீரில் 5 நிமிடம் நிறுத்த வேண்டும். நேரா தீயில் காட்டக் கூடாது, எத்தனால் குப்புன்னு பிடித்துவிடும்.

ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வெறும் காடி நெடி! எனக்கு ஏமாற்றமாப் போச்சு. காரணம் இதுதான். எஸ்டரும் தண்ணீரும் சேர்ந்து மறுபடி அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டையும் சம மோல் அளவில் எடுத்தாலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராகும். மிச்ச அமிலம்தான் மூக்கை அடைக்கிறது. அதை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் மெதுவாக ஊற்றினார்கள். புஸ்ஸுன்னு நுரைத்தது. அமிலம் உப்பாகிவிட்டதால் காடி நெடி போய், பழமும் நெயில் பாலிஷும் கலந்த வாசனை வந்தது. நெயில் பாலிஷில் ஊற்றுவதும் இதே எத்தில் அசிட்டேட்தானாம்!

வாழைப்பழ வாசனைக்கு ஐசோஅமைல் அசிட்டேட், அன்னாசிக்கு எத்தில் பியூட்டிரேட் என்று டீச்சர் சொன்னார். கடை மிட்டாயில் வரும் பழவாசனை பெரும்பாலும் இப்படிச் செய்ததுதான். இன்னொரு வேடிக்கை: தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களைக் கூப்பிட விடும் வாசனையிலும் அந்த வாழைப்பழ எஸ்டர்தான் இருக்கிறது. தேன்கூட்டுப் பக்கம் வாழைப்பழத்தோட போகாதீங்க.

வாசனையை நேரடியாக மூக்கில் வைத்து இழுக்கக் கூடாது, கையால் விசிறித்தான் முகர வேண்டும். நானும் விசிறினேன். எனக்கு வந்தது பூண்டு வாசனை! காலையில் அம்மாவோடு பூண்டு உரித்துவிட்டு வந்த கை. அக்காக்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன், "பூண்டு வாசனையும் எஸ்டரா டீச்சர்?"

டீச்சர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. அது வேற ஜாதி" என்றார். உரிக்காத பூண்டு அவ்வளவாக மணக்காது. நசுக்கும்போதுதான் அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் ஒன்று சேர்ந்து அல்லிசின் உண்டாகும். அதில் கந்தகம் இருக்கிறது. நம்ம வடுகபட்டி பூண்டு மண்டித் தெரு மணப்பது கந்தகச் சேர்மங்களால்தான். எஸ்டர் சீக்கிரம் ஆவியாகிப் போய்விடும். பூண்டு மணம் அப்படிச் சட்டென்று போகாது.

"அம்மா கைக்குப் போட ஒரு எஸ்டர் கிடைக்குமா?" என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். மூட்டுவலித் தைலத்தில் சுள்ளென்று வரும் வாசனை மெத்தில் சாலிசிலேட், அதுவும் எஸ்டர்தான். நீலகிரியில் வளரும் வின்டர்கிரீன் செடியின் இலையிலிருந்து எடுக்கலாம், சாலிசிலிக் அமிலமும் மெத்தனாலும் சேர்த்தும் செய்யலாம். மெத்தனால் விஷம் என்பதால் எங்கள் லேப்பில் அதைச் செய்யவில்லை.

அன்று ராத்திரி அம்மா மண்டியிலிருந்து வந்து முழங்காலில் தைலம் தேய்த்தபோது, "அம்மா, இதுதான் எஸ்டர்" என்றேன். "என்னமோ போடி, வலி விட்டாச் சரி" என்று சொல்லிவிட்டு, மூடியை மறுபடி திறந்து ஒருதரம் மோந்து பார்த்தது.

— 9-ஆம் வகுப்பு மாணவி