கண் மங்கினால் 'போதை' அல்ல, விஷம்!
ஒளித்து வைத்தால் உயிர் போகும்

முதலில் தலை வலிக்கும். அப்புறம் வயிற்றைப் பிசையும், வாந்தி வரும்.

"ராத்திரி கொஞ்சம் ஓவராப் போச்சு, ஒரு தூக்கம் போட்டா சரியாயிடும்" என்று திரும்பிப் படுத்துக் கொள்வார்கள். எழுந்து பார்த்தால் எதிரில் நிற்கும் பெண்டாட்டியின் முகம் புகைக்குள் இருப்பது போல் தெரியும்.

அங்கேதான் எமன் நிற்கிறான்!

கருணாபுரத்து அழுகுரல்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரத்தின் நடுவே உள்ள கருணாபுரத்தில் தெருவெல்லாம் பாடை கட்டினார்கள். பாக்கெட் சாராயம் குடித்த 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள். பெண்களும் செத்தார்கள். அப்பா, அம்மா இருவரையும் பறிகொடுத்து அனாதையான பிள்ளைகளும் உண்டு.

கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன.

அதற்கு முந்தைய வருஷம்தான், 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இதே விஷத்துக்குப் பலியானார்கள்.

ஒரே நிறம்தான், ஆனால் விஷம்!

எல்லாவற்றுக்கும் காரணம் மெத்தனால். பெயிண்ட், வார்னிஷ், ரசாயனத் தொழிலுக்குப் பயன்படும் சமாச்சாரம் இது. பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். வாசனையும் சாராயம் போலத்தான். குடிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

உள்ளே போனதும் கல்லீரல் இதை ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது. அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. ரத்தம் அமிலமாகிறது. கண் நரம்பு வெந்து போகிறது. மூச்சு திணறி, நினைவு தப்பி, உயிர் போகிறது.

இதில் பெரிய வஞ்சகம் என்ன தெரியுமா? குடித்தவுடன் ஒன்றும் ஆகாது! 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்கக் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதற்குள் "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று இன்னொரு பாக்கெட்டும் உடைத்திருப்பான்.

பயமே எமன்

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வருமே" என்று பயம். "நாலு பேர் கேவலமாப் பேசுவாங்களே" என்று கூச்சம். வீட்டுக்காரர்களும் மோரைக் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். இப்படிப் போகிற ஒவ்வொரு மணி நேரமும் விஷத்துக்கு லாபம்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து இருக்கிறது. டயாலிசிஸ் செய்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணலாம். ஆனால் நேரத்தில் வர வேண்டும். தாமதமானால் உயிர் பிழைத்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம்.

சட்டம் கடுமை, ஆனால்...

கள்ளக்குறிச்சி சாவுகளுக்குப் பிறகு 2024-ல் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால், விற்றவனுக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கும். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது.

லைசென்ஸ் இல்லாமல் வாங்க முடியாத மெத்தனால், சாராயக்காரன் கைக்கு எப்படி வருகிறது? இந்த ஓட்டையை அடைக்காத வரை இன்னொரு கருணாபுரம் வராது என்று யார் சத்தியம் செய்வது?

உடனே 108!

உங்கள் வீட்டிலோ, கடையிலோ, பக்கத்து சந்திலோ குடித்த ஆள் "கண்ணு சரியாத் தெரியலே" என்று சொன்னால் காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள். "சாராயம் குடிச்சான்" என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடக் குடித்தவர்களையும் தேடிப் பிடித்து அனுப்புங்கள், அவர்கள் திடமாகத் தெரிந்தாலும் சரி!

மானம் போனால் நாலு நாள் பேச்சு. கண் போனால் ஆயுசுக்கும் இருட்டு!