கரையாத கனம்

எருத்தேன்பதியில் போர்வெல் போடும்போது, கம்ப்ரசர் ஊதும் காற்றே அடியில் சுத்தியலை இயக்குகிறது. உடைந்த பாறைத்தூளையும் அதுவே மேலே தள்ளிவிடுகிறது. பாறை இறுகி நிற்பதால் குழி சரிவதில்லை. மழை மறைவில் கிடக்கும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குக் கோடியில், பல நூறு அடி இறங்கியும் ஈரம் தட்டுப்படுமா என்பதுதான் கவலை. மண்ணுக்குள்ளிருந்து ஏதும் சீறி வருமோ என்று யாரும் அஞ்சுவதில்லை.

அந்த அச்சம் குடியிருக்கும் இடம் ஆந்திரக் கடலோரத்துக் கிருஷ்ணா-கோதாவரிப் படுகை. அங்கே படிவுப் பாறைகளின் நுண்துளைகளில் எரிவாயு பேரழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. 1995 ஜனவரியில் பாசர்லபூடியில் ஓ.என்.ஜி.சி.யின் கிணறு ஒன்று பீறிட்டுத் தீப்பற்றி, 65 நாள் எரிந்தது. அப்படிப்பட்ட சீற்றத்துக்கு முதல் காவல், துளை நிறைய நிற்கும் சேற்றுக் குழம்பு. 3,000 மீட்டர் ஆழக் கிணற்றில் வெறும் நீர் நின்றால் அடியில் ஏறக்குறைய 300 வளிமண்டல அழுத்தம் இருக்கும். பாறைக்குள் இருக்கும் வாயு அதைவிட வலுவாக முட்டினால், குழம்பின் எடையைக் கூட்டியாக வேண்டும்.

எதைக் கலந்து கூட்டுவது? மணல் நீரைவிட 2.65 மடங்குதான் கனம். கடினமானதும்கூட, பம்புகளை அராவிவிடும். உப்பு கரைந்துவிடும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்த வேலைக்கென்றே படைத்து வைத்தது போல ஒரு கனிமம் இருக்கிறது: பேரைட்ஸ். தூய நிலையில் நீரைப் போல நாலரை மடங்கு எடை. சந்தைக்கு வரும் தூள் 4.2 மடங்கு. இத்தனை கனத்தோடு மென்மையும் சேர்ந்திருப்பதுதான் வியப்பு. கத்தி முனையால் கீறிவிடலாம். காந்தம் இதை இழுப்பதில்லை. 75 மைக்ரானுக்கும் நுண்ணியதாக அரைத்தால், பென்டோனைட் களிமண் குழம்பு அதை அடியில் படியவிடாமல் தாங்கிக்கொள்கிறது. குழம்பு நீரைப்போல இருமடங்கு கனத்தைத் தாண்டினாலும் பம்பில் ஓடும்.

இந்த வரம் வெகுதொலைவில் இல்லை. ஆந்திரத்தின் கடப்பைப் படுகையில், மங்கம்பேட்டையில், உலகின் மிகப் பெரிய பேரைட்ஸ் படிவங்களில் ஒன்று கிடக்கிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலைச் சாம்பலோடு சேர்ந்து உருவானது. பாறைக்குள் ரோஜா இதழ் அடுக்கிய வடிவிலும் அங்கே படிகங்கள் உண்டு. ஆந்திர மாநிலக் கனிம வளர்ச்சிக் கழகம் வெட்டியெடுக்கும் அந்தக் கல், கப்பலேறி உலகின் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போகிறது. வாயுவை அடைத்து வைத்த அதே பூமிதான் அதை அடக்கும் பாரத்தையும் முன்னதாகவே பிறப்பித்திருக்கிறது.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. பேரைட்ஸிலுள்ள பேரியம் இயல்பில் நஞ்சு. பேரியம் கார்பனேட்டை எலி மருந்தாக வைத்தார்கள். அதே பேரியம் சல்பேட்டோடு இணைந்ததும், ஒரு லிட்டர் நீரில் இரண்டரை மில்லிகிராம் அளவே கரைகிறது. கரையாததால் உடலில் ஏறாது. ஆகவேதான் எக்ஸ்ரே படத்தில் குடல் தெளிவாகத் தெரிய, நோயாளிக்கு அதைக் குடிக்கவே கொடுக்கிறார்கள். நஞ்சின் கையைக் கட்டிப்போட்டு அதன் பாரத்தை மட்டும் நமக்கு விட்டுவைத்த அளவறிந்த அறிவை, வணங்காமல் வேறென்ன செய்வது?