இருபது பேர், ஒரு மைக்: குரல் அழைப்பில் குழுப் பாடம் நடப்பது எப்படி?

திவ்யப் பிரபந்தத்தைச் சந்தை முறையில் கற்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் ஓர் அடியை ஒரு முறை சொல்வார். மாணவர்கள் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். கோயில் மண்டபத்தில் இருபது பேர் உட்கார்ந்து சொன்னால் இருபது குரலும் ஒன்றாகச் சேரும். ஒருவர் பிசகினாலும் பக்கத்திலிருப்பவரின் குரல் அவரை இழுத்துச் சரிசெய்துவிடும். இதே வகுப்பைக் கான்ஃபரன்ஸ் காலில் வைத்து, இருபது பேரின் மைக்கையும் திறந்துவிட்டுப் பாருங்கள். இரண்டாவது அடிக்குள் எல்லாம் குழம்பிவிடும். பாதிப் பேர் குரல் கேட்காது. கேட்கிற குரல்களும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழும். நல்ல வைஃபை போட்டாலும், புது போன் வாங்கினாலும் இந்தக் குழப்பம் தீராது.

காரணம், தூரம். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்தூரமே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆக, கேபிள் வளையாமல் நெளியாமல் போனாலும்கூட ஒரு சொல் அங்கே சேர 65 மில்லி நொடிக்கு மேல் ஆகும். போன் குரலைத் துண்டு துண்டாக்கிச் சுருக்க எடுக்கும் நேரம், மறுமுனையில் அவற்றைச் சேர்த்து வரிசைப்படுத்தக் காத்திருக்கும் நேரம் எல்லாம் இதற்கு மேல். ப்ளூடூத் இயர்போன் போட்டிருந்தால் இன்னும் ஒரு தாமதம். மாம்பலத்திலிருந்து தாம்பரத்துக்குப் பேசினாலும் தூரத்தின் பங்கு மட்டும்தான் குறையும், மற்றவை அப்படியே இருக்கும்.

ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் சாதாரண உரையாடலுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆனால் சேர்ந்து பாடுவது உரையாடல் அல்ல. 25 முதல் 30 மில்லி நொடியைத் தாண்டினாலே பாடுபவர்களின் தாளம் கலையத் தொடங்கும். காற்றில் ஒலி அந்த நேரத்தில் ஏறக்குறைய பத்து மீட்டர் போகும். ஒரு மண்டபத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உள்ள தூரம்தான் அது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழு உருவாக்கிய ஜாக்ட்ரிப் போன்ற மென்பொருள்கள் இந்தத் தாமதத்தைக் குறைக்கவே வந்தவை. அவற்றுக்கும் வேகமான இணைப்பு வேண்டும், கம்பி வழி இணைப்பு வேண்டும், தூரமும் குறைவாக இருக்க வேண்டும். மார்கழிக்கு முன்னால் திருப்பாவை முப்பதையும் கற்றுக்கொள்ள நினைக்கும் ஒரு பாட்டியின் கைபேசிக்கு அது ஒத்துவராது.

இதிலிருந்தே முதல் விதி பிறக்கிறது: ஒரு நேரத்தில் ஒரு மைக்தான் திறந்திருக்க வேண்டும். ஆசிரியர் சொல்வார், ஒருவர் மட்டும் எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்வார், மற்றவர்கள் ம்யூட்டில் இருந்தபடி அவரவர் வீட்டில் வாய்விட்டுச் சொல்வார்கள். அந்த ஒருவர் யார், எப்போது, எவ்வளவு நேரம் என்பதை முடிவுசெய்வது ஒரு தனி வேலை, ஒருங்கிணைப்பாளரின் வேலை. அதை ஆசிரியரே பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பார்த்துக்கொள்ள முடியாது என்பதே என் கருத்து. பாசுரத்தின் சந்தத்தில் கவனம் வைத்திருப்பவர், யாருடைய மைக்கில் குக்கர் விசில் வருகிறது என்றும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த முறை புதிதும் அல்ல. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸில் 1951-இல் 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' தொடங்கப்பட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த மாட்டுப் பண்ணைகளின் பிள்ளைகளுக்கு, பறக்கும் மருத்துவர் சேவையின் ரேடியோ வழியாகவே பாடம் நடந்தது. அந்த ரேடியோவில் பொத்தானை அழுத்திப் பேசும்போது எதிர்க்குரல் கேட்காது. ஒருவர் முடித்து விட்டால்தான் அடுத்தவர் பேசலாம். பேச்சு முடிந்தது என்று சொல்லித் தெரிவிப்பதும், பெயர் சொல்லி அழைக்கும் வரை காத்திருப்பதும் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு பாடமாகப் பழகிப்போனது. இன்றைய செயலிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசலாம் என்ற தோற்றத்தைத் தருகின்றன. அந்தத் தோற்றத்தை நம்பி நடத்தும் வகுப்புகள்தான் கெடுகின்றன.

முகம் தெரியும் வீடியோ இருக்கும்போது குரல் மட்டும் ஏன்? செலவு ஒரு காரணம். இன்று பெரும்பாலான இணைய அழைப்புகளில் ஓடும் ஓப்பஸ் என்னும் ஒலிச் சுருக்க முறை 2012-இல் தரநிலையானது. நொடிக்கு 32 கிலோபிட்டில் அது தெளிவான பேச்சைத் தந்துவிடும். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரக் குரலுக்கு 15 எம்.பி. போதும், கூடவே போகும் முகவரித் தகவல்களைச் சேர்த்தாலும் 30 எம்.பி.யைத் தாண்டாது. வீடியோ என்றால் பல நூறு எம்.பி. பணத்தைவிடப் பெரிய காரணம் வேறு. சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே, வீட்டில் இருக்கிற கோலத்திலேயே, யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியோடு பெண்கள் கற்றுக்கொள்ள முடிகிறது. அறுபது வயதில் முதல் முறையாக ஸ்போக்கன் இங்கிலீஷ் பேசிப் பார்ப்பவருக்கும் கேமரா இல்லாதது பெரிய துணை.

அந்தத் துணைக்கு ஒரு விலை உண்டு. முகம் தெரியாததால் புரிந்ததா, இல்லையா என்று தெரிவதில்லை. தலையாட்டல் இல்லை, விழி விரிதல் இல்லை. கேள்விக்குப் பதில் வராத ஒவ்வொரு நொடியும் ஆசிரியருக்கு நீளமாகத் தோன்றும். உடனே தானே பதிலைச் சொல்லிவிடுவார். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் நேரடி வகுப்பறைகளிலேயே இதை அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாகவும் சிந்தித்தவையாகவும் வந்தன. குரல் அழைப்பிலோ மாணவர் கேள்வியைக் கேட்டு, யோசித்து, பூட்டிக் கிடக்கும் திரையைத் திறந்து, மைக் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும். ஐந்தாறு நொடி கொடுத்தே ஆக வேண்டும். "யாராவது சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டே விளைவுதான்: மூன்று பேர் ஒன்றாகப் பேசி மூவரும் நிறுத்துவார்கள், அல்லது ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தேர்ந்த ஒருங்கிணைப்பாளர் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதைக் கிட்ட இருந்து கேட்டால் புரியும். "இப்ப பத்மா மாமி சொல்லப்போறாங்க. அவங்களுக்கு அடுத்து கௌதம். கௌதம், மைக் பட்டன் பக்கத்துல விரலை வெச்சுக்கோப்பா." அவ்வளவுதான். மாமி சொல்லி முடிப்பதற்குள் கௌதம் தயாராகியிருப்பான். மாமியின் குரல் வரவில்லை என்றால், "மாமி, நீங்க ம்யூட்ல இருக்கீங்க" என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் பத்து நொடி பார்ப்பார். பிறகு, "பரவாயில்ல மாமி, கௌதம் முடிச்சதும் உங்ககிட்ட வரேன்" என்று நகர்ந்துவிடுவார். பதற்றத்தில் தவிக்கும் ஒருவரைப் பதினெட்டுப் பேர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை வராமல் காப்பதில் பாதி பண்பு, பாதி தொழில்நுட்பம். செயலி இல்லாமல் சாதாரண எண்ணுக்கு டயல் செய்து ஜூமில் சேர்பவர்கள் நட்சத்திரக் குறியும் 6-ம் அழுத்தினால் மைக் திறக்கும், மூடும். நட்சத்திரக் குறியும் 9-ம் அழுத்தினால் கை தூக்கியதாகக் காட்டும். வயதானவர்களுக்கு இதை ஒரு தாளில் பெரிதாக எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொல்வது பயன் தரும்.

எதிரொலி வந்தால் எல்லாரும் ஆசிரியரின் நெட்வொர்க்கைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் எதிரொலி யாருக்குக் கேட்கவில்லையோ அவர் வீட்டிலிருந்துதான் அது கிளம்புகிறது. அவர் ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்திருப்பார். ஸ்பீக்கரில் வரும் ஆசிரியரின் குரலை அவருடைய மைக்கே பிடித்துத் திருப்பி அனுப்பும். "யாருக்கு எக்கோ கேக்கல?" என்று கேட்டால் ஆள் கிடைத்துவிடுவார். வயர் உள்ள சாதாரண இயர்போன் இதற்கு மருந்து. ஒரே அறையில் அக்காவும் தங்கையும் தனித்தனி போனில் சேர்ந்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். ஒரு போனில் இருவரும் உட்காருவதே நல்லது. இன்னொன்று, டயல் செய்து சேர்ந்தவர் வேறு அழைப்பை எடுப்பதற்காக வகுப்பை ஹோல்டில் போட்டால், அந்த ஹோல்டு இசை மொத்த வகுப்புக்கும் கேட்கும். ஒருங்கிணைப்பாளர் விழித்திருந்தால் இரண்டு நொடியில் அந்த இணைப்பை ம்யூட் செய்துவிடுவார்.

பாட்டு வகுப்பில் சிக்கல் இன்னும் நுட்பமானது. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செயலிகள் பின்னணி இரைச்சலை வடிகட்டுகின்றன. மாறாமல் சீராக ஓடிக்கொண்டிருக்கும் ஒலி எதுவும் அவற்றின் கணக்கில் இரைச்சல்தான்: மின்விசிறி, ஏ.சி., அதோடு தம்புராவும். அதனால் மாணவி சுருதிப் பெட்டியோடு அழகாகப் பாடினாலும், ஆசிரியருக்குச் சுருதி வந்து வந்து மறையும், அல்லது வரவே வராது. நீளமாகப் பிடிக்கும் கார்வையும் நடுவில் தேய்ந்துபோகும். சுருதி விலகியது மாணவியா, செயலியா என்று தெரியாமல் திட்டு வாங்கும் பிள்ளைகளை நினைத்தால் மனம் கேட்கவில்லை. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியை இயக்கினால் இந்த வடிகட்டல் நிற்கும். மாணவர்களின் கருவிகளில் அது இயங்குகிறதா என்று வகுப்புக்கு முன்பே பார்ப்பது ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ம்யூட்டின் மறுபக்கம். ம்யூட்டில் இருப்பவர் தப்பாகச் சொன்னால் திருத்த யாரும் இல்லை. மூன்று வாரம் அப்படியே சொன்னால் பிழை நாக்கில் ஏறிவிடும். பிறகு பிரிப்பது கடினம். ஆகவே ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொருவரின் குரலும் ஆசிரியரின் காதில் ஒரு முறையாவது விழ வேண்டும். மைக் திறந்து, சொல்லி, திருத்தம் கேட்டு, மூட ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் பன்னிரண்டு பேருக்கு 24 நிமிடம். ஜூமின் இலவசக் கணக்கு தருவது 40 நிமிடம். மிச்சம் 16 நிமிடத்தில்தான் புதுப் பாடம். வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம், டெலிகிராமில் அதற்கு மேலும் சேரலாம் என்பதற்காக அத்தனை பேரைச் சேர்ப்பது, பாடத்தைச் சொற்பொழிவாக்கும் வேலை. கேட்க விரும்புபவர்கள் கேட்கட்டும். ஆனால் கற்றுத்தருவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கக் கூடாது.

பிள்ளைகள் சேரும் வகுப்பு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும்; பெற்றோரின் எண்ணை மட்டும் சேர்ப்பது நல்லது. லிங்க்கைப் பொதுவில் பகிர்ந்தால் யார் வேண்டுமானாலும் நுழைவார்கள். ஜூம் வகுப்புகளில் அந்நியர்கள் புகுந்து ஆபாசம் பேசிய சம்பவங்கள் பெருகிய பிறகுதான், 2020 ஏப்ரலில் அந்நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இயல்பாகவே இயங்கும்படி மாற்றியது. 2021 மே மாதம் சென்னைப் பள்ளி ஒன்றில் எழுந்த பாலியல் புகாரைத் தொடர்ந்து, ஆன்லைன் வகுப்புகளைப் பதிவுசெய்து ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. அது பள்ளிகளை மனதில் வைத்துச் சொன்னது. வீட்டுக் கூடத்திலிருந்து நடக்கும் பாட்டு வகுப்பிலும் இரண்டாவது பெரியவர் ஒருவர் எப்போதும் அழைப்பில் இருக்க வேண்டும். பதிவுசெய்தால் பெற்றோரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

வெளிநாட்டு மாணவர்கள் உள்ள வகுப்பில் கடிகாரமும் ஒருங்கிணைப்பாளர் தலையில்தான். சென்னையில் காலை ஆறரை என்பது நியூ ஜெர்சியில் கோடையில் முந்தைய இரவு ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறன்றே கடிகாரத்தை மாற்றும். பிரிட்டன் கடைசி ஞாயிறன்று மாற்றும். சிங்கப்பூர் மாற்றவே மாற்றாது. நடுவில் உள்ள வாரங்களில் யாராவது ஒருவர் பாதி வகுப்பில் வந்து சேர்வார்.

இத்தனையையும் இன்று செய்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியரின் மகளோ, மருமகளோ, மூத்த மாணவியோதான். உதவி என்ற பெயரில், சம்பளமில்லாமல். கட்டணம் வாங்கும் வகுப்பு என்றால் அதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போக வேண்டும்; இலவச வகுப்பு என்றால் குழுவில் இரண்டு மூன்று பேர் முறை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். பிள்ளையைச் சேர்க்கும் முன் ஆசிரியரின் பாட்டுத் திறமையை விசாரிக்கும் பெற்றோர், ஒரு வகுப்பில் எத்தனை பேர், என் பிள்ளையின் மைக் எத்தனை நிமிடம் திறக்கும், அதைக் கவனிப்பது யார் என்றும் கேட்கலாம்.