பள்ளியை விட்டு நிறுத்தும் முன்: வீட்டுக்கல்வி பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

“பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைத்தால் கேஸ் ஆகிவிடுமா?” வீட்டுக்கல்வி பற்றி விசாரிக்கும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். அதற்காக மட்டும் பெற்றோரைத் தண்டிக்கக் கல்வி உரிமைச் சட்டத்தில் பிரிவு இல்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்?” இதற்கு விடை தெரியாமல் பள்ளியை விட்டால், பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது அலைச்சல் தொடங்கும்.

எது வீட்டுக்கல்வி?

என்ன படிப்பது, எப்படிப் படிப்பது, எந்தத் தேர்வு எழுதுவது என்ற முழுப் பொறுப்பையும் பெற்றோரே ஏற்பதுதான் வீட்டுக்கல்வி. பள்ளியில் பெயர் இருக்க, ஆன்லைனில் பாடம் கேட்பது இதில் சேராது. தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யும் இதுவல்ல, அது பள்ளி நேரத்துக்குப் பிறகு தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்பு.

நடைமுறையில் இது பல வடிவங்களில் நடக்கிறது:

• பள்ளிப் பாடநூல், கால அட்டவணை, தேர்வு எல்லாவற்றையும் அப்படியே வீட்டில் நடத்துவது.

• பாடத்திட்டமே இல்லாமல், பிள்ளையின் ஆர்வம் போகும் வழியில் கற்க விடுவது. அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் 1970-களில் ‘அன்ஸ்கூலிங்’ என்று பெயரிட்டுப் பரப்பிய முறை இது.

• கணக்குக்கும் மொழிக்கும் பாடநூல், மற்றவற்றுக்குக் களப்பயணம், கைவேலை, நூலகம் என்று கலந்து நடத்துவது.

• சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் இடத்தில் கற்பிப்பது, அல்லது ‘கற்றல் மையம்’ ஒன்றில் சேர்ப்பது.

கடைசி வடிவத்தில்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். அந்த மையம் மூடப்பட்டால் நடுவில் நிற்பது உங்கள் பிள்ளை. சேர்க்கும்போதே “எந்த வாரியத்தின் தேர்வுக்குப் பதிவு செய்கிறீர்கள்?” என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை இலவச, கட்டாயக் கல்வியைக் குழந்தையின் உரிமையாக்கியது. அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-ஆவது பிரிவு. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில், வீட்டில் படிப்பதற்கு இச்சட்டம் தடையில்லை என்று முதலில் கூறிய மத்திய அரசு, பிறகு அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. ஆக, வெளிப்படையான தடையும் இல்லை, தெளிவான அனுமதியும் இல்லை.

இந்த இடைவெளியைப் பெற்றோரின் உரிமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டத்தில் உரிமை குழந்தைக்குத்தான். வீட்டில் படிக்கிறாள் என்று சொல்லி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கடைக்கோ பட்டறைக்கோ அனுப்புவது குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குற்றம். குடும்பத் தொழிலில் கைகொடுப்பதற்குக்கூட பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும்தான் அனுமதி. படிப்பை நிறுத்திய சிறுமிக்குத் திருமண ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

சான்றிதழுக்கான வழிகள்

மாநில வழி: அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது. இதற்கு 12½ வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதுவோர், முன்கூட்டியே பதிவு செய்து அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். இந்தப் பதிவைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும்.

தேசிய வழி: 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். இதில் 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். பதிவு ஐந்தாண்டு செல்லும் என்பதால் பாடங்களைப் பிரித்தும் எழுதலாம். பத்தாவதையும் பிளஸ் டூவையும் ஒரே ஆண்டில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி கட்டாயம். ஒரு மையம் என்.ஐ.ஓ.எஸ். அங்கீகாரம் பெற்றதா என்பதை அதிகாரபூர்வ இணையதளத்தில் சரிபாருங்கள்.

சி.பி.எஸ்.இ., பள்ளியில் சேராமல் முதன்முறை எழுத வருபவர்களைப் பொதுவாக ஏற்பதில்லை. கேம்பிரிட்ஜ் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், கட்டணம் அதிகம்.

திறந்தநிலையில் படித்தவர்களுக்கு நீட் எழுத இருந்த தடையை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் நீக்கியது. ஆனாலும் ஒவ்வொரு படிப்புக்கும் வேலைக்கும் தகுதி விதி தனித்தனி. பிள்ளை போக விரும்பும் துறையின் அறிவிக்கையை முதலில் படித்துவிட்டு வாரியத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இழப்பது என்ன?

தமிழ்நாட்டில் பல சலுகைகள் பள்ளிப் படிப்போடு பிணைந்தவை. மருத்துவ, பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும், மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பு முதல் பிள்ளை எங்கே படித்தது என்று பார்க்கின்றன. அரசு வேலையில் தமிழ்வழிக்கான 20 சதவீத ஒதுக்கீடு, பள்ளியில் தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறது. தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்த இடத்தை விட்டால் திரும்பக் கிடைப்பது கடினம். பள்ளியின் காலை உணவையும் மதிய உணவையும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு இன்னும் பெரியது.

வீட்டு வேலையோடு ஆசிரியர் வேலையும் பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழும். இரண்டு மூன்று ஆண்டு அவரால் தாங்க முடியுமா என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசிய பிறகே முடிவெடுங்கள்.

கடும் மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள்

இவர்களின் நிலை வேறு. கடும் மாற்றுத்திறனோ பல்வகை மாற்றுத்திறனோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கற்பதைத் தேர்வு செய்யும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் கொடுத்திருக்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் சிறப்பாசிரியரும் இயன்முறைப் பயிற்சியாளரும் வீடு தேடி வர வேண்டும். வட்டார வள மையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பள்ளியே வேண்டும் என்றால் அதுவும் உரிமைதான். “உங்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்” என்று தலைமையாசிரியர் திருப்பி அனுப்ப முடியாது.

திரும்பும் வழி

பள்ளியில் நடந்த அடியோ அவமானமோ காரணமாக நிறுத்த நினைக்கிறீர்களா? அது கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்த செயல். முதலில் புகார் கொடுங்கள்: வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். வழிகாட்டலுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால் மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்குங்கள். கட்டண பாக்கியைக் காட்டி அதை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பள்ளியில் பிள்ளைக்குத் தந்த ‘எமிஸ்’ எண் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை எழுதிய நோட்டுகளை ஆண்டுவாரியாகத் தேதியிட்டு வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, அந்த வயதுக்குரிய வாசிப்பும் கணக்கும் வருகிறதா என்று வெளி ஆசிரியர் ஒருவரைக் கொண்டு சோதித்துப் பாருங்கள்.

முயற்சி சரிவரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும், வயதுச் சான்று இல்லாவிட்டாலும், கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது. பதினான்கு தாண்டினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே வீட்டுக்கல்வி பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்ற தீர்ப்பைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் எழுதிவிடுங்கள். அதைப் பிள்ளையிடமும் கேட்டு எழுதுங்கள்.